அப்பாவின் வலது கன்னம்

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது, கொஞ்ச நாளைக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சலூனுக்கும் போக முடியாது. மூன்றாம் நாளே தாடி குத்துகிறது என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார். கடைசியில் நான்தான் என் பையனின் டிரிம்மரை எடுத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். எனக்கு 47 வயது. அப்பா முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இடது கன்னத்தில் டிரிம்மர் வழுக்கிக்கொண்டு போனது. 76 வயதுக்கு நல்ல தோல். வலது பக்கம் வந்ததும் தட்டித் தட்டி நின்றது. கண்ணோரத்திலிருந்து காது வரைக்கும் ஆழமான கோடுகள். தோல் தடித்து, உழுது போட்ட வயல் மாதிரி இருந்தது. நடுவே பழுப்பும் கருப்புமாகத் திட்டுகள். இடது பாதி அவருடைய தம்பி என்று சொன்னால் நம்பலாம்.

"என்னப்பா இது, ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி இருக்கு?"

"31 வருஷம் பஸ் ஓட்டுனேன்ல. டிரைவருக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

திருச்சியிலிருந்து ராமநாதபுரம், திரும்ப ராமநாதபுரத்திலிருந்து திருச்சி. புதுக்கோட்டையைத் தாண்டிவிட்டால் நிழலுக்குப் பஞ்சமான ரோடு.

இதே போன்ற ஒரு முகத்தை என் தோல் டாக்டர் பல வருஷத்துக்கு முன்பே எனக்குக் காட்டியிருக்கிறார். 2012ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த படம் அது. 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அமெரிக்காவில் டிரைவருக்கு ஜன்னல் இடது பக்கம், அதனால் அவருக்கு இடது பாதி முகம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் யூவி-பி என்பது தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும். அதைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யூவி-ஏ சுடாது, வலிக்காது. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலின் அடியில் அதற்கு உறுதி தரும் கொலாஜனை அரிக்கும். மேகமூட்டமான நாளிலும் வரும். டாக்டர் இதையெல்லாம் சொன்னபோது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அப்பாவின் கன்னம் தினமும் எதிரேதான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி, என் முகத்துக்காக 25 வருஷமாகச் செய்த செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வங்கியில் வேலை பார்த்த பழக்கம், எதையும் எழுதிப் பார்த்தால்தான் மனசு அடங்கும். வேலை செய்தவற்றில் பெரும்பாலானவை மலிவானவை. கெடுத்தவற்றில் ஒன்று மலிவு, ஒன்று விலை அதிகம். அதையெல்லாம் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கெடுத்தது, 24 வயதில் பூசிய ஒரு ட்யூப் கிரீம். கன்னத்தில் பரு வந்து போன தழும்புகள் இருந்தன. மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். சீட்டெல்லாம் கேட்கவில்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆபீஸில் எல்லாரும் "என்ன போடற?" என்று கேட்டார்கள். நாலு பேருக்கு நானே வாங்கியும் கொடுத்தேன் (அந்தப் பாவம் வேறு). ஆறு மாதம் கழித்து, ஒரு நாள் போடாமல் விட்டால் முகம் தீயாக எரிந்தது. கன்னத்தில் சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. காதோரம் பூனை முடி வளர்ந்தது. வெயிலில் நடந்தால் மிளகாய் அரைத்துப் பூசியது போல் இருந்தது.

அந்த ட்யூபில் இருந்தவை மூன்று: நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் டிரெட்டினாயின், அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கூட்டணியே கெட்டது என்று சொல்ல மாட்டேன். 1975ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடன் வேலை பார்த்தவரும் வெளியிட்ட கலவையின் வாரிசு அது. மங்குக்கு (முகத்தில் படரும் கருந்திட்டுக்கு) டாக்டர்கள் இன்றைக்கும் சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். பவுடர் மாதிரி மாதக்கணக்கில் பூசுவதுதான் வினை. ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துவிடும். நம் ஊரில் இது எவ்வளவு பேருக்கு நடந்திருக்கிறது என்றால், 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று இதற்கு ஒரு தனிப் பெயரையே இந்தியத் தோல் மருத்துவர்கள் வைத்தார்கள். 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. எனக்கு அது 16 வருஷம் தாமதம்.

அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் ஓபி சீட்டு போட்டுக் காட்டினேன். அங்கிருந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததுமே ட்யூப் பேரைச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு மாசம் உங்க மூஞ்சி உங்களுக்கே பிடிக்காது. தாங்க முடியலன்னு திரும்ப அதை எடுத்துப் பூசினீங்கன்னா, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." மனசு கேட்காமல் இரண்டு தடவை எடுத்துப் பூசினேன். ஆக, இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். முழுசாக அடங்க ஏழு மாதம் ஆயிற்று.

அதிலிருந்து எந்த ட்யூபாக இருந்தாலும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தது. பீட்டாமெதசோன், மொமெடசோன், குளோபெட்டசால், இந்த மூன்று ஸ்டீராய்டுப் பெயரில் ஒன்று இருந்தால் அது அழகு கிரீம் இல்லை, மருந்து. பெட்டியின் மூலையில் 'ஆர்எக்ஸ்' என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். திருப்பினால் எதுவுமே எழுதாமல், 'ஃபாரின் சரக்கு' என்று டப்பாவில் வருகிறதே, அது இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை அங்குள்ள டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காரணம் பாதரசம்.

29 வயதில் பையன் வயிற்றில் இருந்தபோது மங்கு வந்தது. இரண்டு கன்னத்திலும், மேலுதட்டிலும், வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது போல. பெரியம்மா எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்துவிட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கருத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மங்கோடு அதுவும் சேர்ந்துகொண்டது. பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. குளிக்கும்போது பூசிக் கழுவிவிடும் சமாசாரம், முகத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சைக்கு மட்டும் என் வீட்டில் ரசத்தோடு சரி.

பிள்ளை பிறந்து ஒரு வருஷம் கழித்து மறுபடி அதே டாக்டரம்மாவிடம் போனேன். இந்தத் தடவை அவர் மருந்து எழுதுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "சன்ஸ்கிரீன் போடறீங்களா?"

"போடறேனே."

"ஒரு ட்யூப் எத்தனை நாள் வரும்?"

50 கிராம் ட்யூப் எட்டு மாதம் வரும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை பிதுக்கினால் அந்த அளவு வரும். தினம் ஒரு தடவை பூசினாலே 50 கிராம் ஒன்றரை மாதத்தைத் தாண்டாது. எட்டு மாதம் வந்தது என்றால் நான் பூசியது வாசனைக்குத்தான்.

இந்த ஒரு கணக்குதான் எனக்கு மற்ற எல்லாச் சிகிச்சையையும் விட உபயோகமாக இருந்தது. எஸ்பிஎஃப் 30 ஆ 50 ஆ என்று கடையில் மண்டையை உடைத்துக்கொள்வோம். ஒழுங்காகப் பூசினால் 30 சுமார் 97 சதவீத யூவி-பியைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் எண்ணில் இல்லை, பூசும் அளவில் இருக்கிறது. எஸ்பிஎஃப் யூவி-பிக்கு மட்டும்தான் கணக்கு. அப்பாவின் கன்னத்தைத் தின்ற யூவி-ஏவுக்கு, அட்டையில் பிஏ என்று போட்டுப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று இருக்கட்டும். இன்னொன்று, மங்கு நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே கருக்கும், அதிலும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில். அதற்குச் சாதாரண சன்ஸ்கிரீன் போதாது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் கிரீம் வேண்டும். வெள்ளை பூசினால் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்குகிறவர்களுக்கும் அதுவே வசதி.

சன்ஸ்கிரீன் உண்மையிலேயே வயசாவதைத் தடுக்குமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பதில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்கு உட்பட்ட சுமார் 900 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் பூசச் சொன்னார்கள். மறுபாதி இஷ்டம் போல. நாலரை வருஷம் கழித்துப் புறங்கையின் அச்சை எடுத்து ஒப்பிட்டதில், தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை 24 சதவீதம் குறைவு. 2013ல் வெளியான முடிவு. அதே ஆராய்ச்சியில் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையால் ஒரு பலனும் தெரியவில்லை. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்குத் தோலின் நிறமியான மெலனின் ஓரளவு குடை பிடிக்கிறது, சுருக்கம் தாமதமாக வரும். அதற்குப் பதில் திட்டும் கருமையும் முந்திக்கொள்ளும். வெயிலில் நிற்கிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும் என்பார்கள். என்னால் முடிந்ததில்லை. குடை பிடிப்பேன். ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வேன், கையுறை போடுவேன். நம் ஊர்ப் பெண்கள் கொள்ளைக்காரர்கள் மாதிரி போகிறார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் பேசட்டும்.

36 வயதில் டிரெட்டினாயின். கெட்ட ட்யூபில் இருந்த மூன்றில் ஒன்று, இப்போது தனியாக, சீட்டோடு வந்தது. பருவுக்கு என்று 1971ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. பூசிய நடுவயதுக்காரர்கள் தோல் மென்மையாகிறது என்று சொல்லவே, அதே கிளிக்மன் 1986ல் வெயிலில் முதிர்ந்த தோலுக்கும் இது உதவும் என்று காட்டினார். (சிறைக்கைதிகள் மேல் பரிசோதனை நடத்தியதற்காகத் திட்டு வாங்கிய மனிதரும் அவர்தான். நன்றி சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.) விலை, ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு. மருந்தின் அளவு 0.025 சதவீதம். முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. ராத்திரி மட்டும்.

சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று தினமும் பூசினேன். இரண்டாவது வாரம் வாயைச் சுற்றித் தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. கவுன்டரில் ஒரு தாத்தா, "அம்மை போட்டிருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அப்புறம் டாக்டர் சொன்னபடி வாரம் இரண்டு நாள், முதலில் மாய்ஸ்சரைசர், மேலே இது, அதற்கு மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். மூன்று மாதம் கழித்து ஒன்று விட்ட ஒரு நாள். ஆறாவது மாதத்தில்தான் கண்ணாடி நல்ல சேதி சொன்னது. பிள்ளை உண்டாக நினைப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது.

விலை கூடிய தப்பு 39 வயதில். அண்ணன் வீட்டில் விசேஷம், 12 நாள்தான் இருந்தது. ஒரு இடத்தில், அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்துகொண்டேன். எந்த இடம் என்பது வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்ணை டாக்டர் என்றே நினைத்தேன், கேட்கவில்லை. முந்தின ராத்திரி டிரெட்டினாயின் பூசியதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எரிகிறது என்றபோது "வேலை செய்யுதுக்கா" என்றார். விசேஷத்தன்று இரண்டு கன்னத்திலும் ஐம்பது காசு அளவுக்குக் கருகல். எல்லா போட்டோவிலும் நான் பக்கவாட்டில் நிற்கிறேன். வெள்ளைத் தோலில் புண் ஆறினால் சிவந்து மறையும். நம் தோலில் ஆறும்போது கருத்துத்தான் ஆறும். அது மறைய ஐந்து மாதம். பீல் என்பதே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்புறம் என் டாக்டரிடமே குறைந்த அளவில் கிளைகாலிக் பீல் மூன்று தடவை செய்து நன்றாக இருந்தது. அவர் ஒரு வாரம் முன்பே டிரெட்டினாயினை நிறுத்தச் சொன்னார், முதலில் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார், அடுத்த பத்து நாளில் கோயில் திருவிழா ஏதும் உண்டா என்று கேட்டார். "இங்க கையில வச்சிருக்கிறது யாரு, படிச்சது என்ன" என்று கேட்க நமக்குக் கூச்சம். கறிக்கடையில் இதைவிட அதிகம் கேள்வி கேட்கிறோம்.

தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைப் போக்கும் போடாக்ஸ் ஊசியும் ஒரு தடவை போட்டுக்கொண்டேன், 44 வயதில், புருவ மத்தியில். கவுன்டரில் கணக்குப் பார்த்துப் பார்த்து விழுந்த இரண்டு கோடு, கோபமே இல்லாதபோதும் கோபமாகக் காட்டியது. கனடாவில் கண் நோய்க்கு இந்த ஊசியைப் போட்டுவந்த டாக்டர் ஜீன் கரத்தர்ஸ், நோயாளிகளின் புருவ மத்திச் சுருக்கமும் போவதைக் கவனித்ததில் ஆரம்பித்த கதை இது. அமெரிக்காவில் புருவக் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002ல். மொத்தம் 20 யூனிட், எறும்பு கடித்தது போல ஐந்து குத்து. ஒரு வாரத்தில் கோடு தெரியவில்லை. எனக்குப் பிடித்தும் இருந்தது. பையன்தான், "அம்மா, நீ இப்ப திட்டினா திட்டுற மாதிரியே இல்ல" என்றான். பதினைந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு அந்த ஆயுதத்தை இழக்க முடியுமா? மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு மாத மளிகைச் செலவுக்கு மேல். விட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் கேட்டாள். "அத்தை, எனக்கு 26. சுருக்கம் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டா வரவே வராதாமே?"

"புருவத்தச் சுருக்கு" என்றேன். சுருக்கினாள். "விடு." விட்டாள். கோடு தங்கவில்லை. அசையும்போது வந்து, விட்டதும் போய்விடும் கோடு வெறும் முகபாவம். சும்மா இருக்கும்போதும் தங்கிவிட்ட கோட்டுக்குத்தான் ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்று என் டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். அவளுடைய சன்ஸ்கிரீன் ட்யூபை எடுத்து வரச் சொன்னேன். ஆடித் தள்ளுபடியில் வாங்கியதாம். பாதிகூடக் காலியாகவில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் மாதவிடாய் முன்னே பின்னே ஆனதிலிருந்து தோல் வேறு ஆளுடையது மாதிரி இருக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொலாஜன் வேகமாகக் கரையும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்தில் மட்டும் தோல் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்கிறார்கள். சோப்பை விட்டுவிட்டேன், டிரெட்டினாயினை மறுபடி வாரம் இரண்டாகக் குறைத்தேன், குளித்து ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். தோழி கொடுத்த கொலாஜன் பவுடர் டப்பா அலமாரியில் இருக்கிறது. எனக்கு அதைவிட ஒரு முட்டையில் நம்பிக்கை அதிகம்.

கழுத்தின் பின்னால் கருத்து, வெல்வெட் மாதிரி தடித்துக்கொண்டு வந்ததையும் வயசுக் கருமை என்று நினைத்து ஒரு வெளுப்புக் கிரீம் வாங்கப் போனேன். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிரீம் எழுதவில்லை, மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதினார். எல்லையில் நின்றது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்தும் அக்குளும் இப்படிக் கருக்குமாம். சோற்றைக் குறைத்து, சாயங்காலம் வேகமாக நடந்து நாலு கிலோ இறக்கியதில் கழுத்து பாதி தெளிந்துவிட்டது. எந்தப் பார்லரிலும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்பாவிடம் "அப்பவே ஒரு துண்டையாவது ஜன்னல்ல தொங்கவிட்டிருக்கலாமேப்பா" என்றேன். "சைடு மிரர் மறைக்கும்ல" என்றார். "பின்னாடி 50 உசுரு உக்காந்திருக்கு, என் கன்னத்தப் பாத்துக்கிட்டா இருப்பேன்?"

போன வாரம் கண் செக்கப்புக்கு அவரை என் காரில் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது சாயங்கால வெயில் அவர் உட்கார்ந்திருந்த இடது ஜன்னல் வழியாக முகத்திலேயே அடித்தது. சிக்னலில் நிறுத்தி, கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். கறுப்புக் கண்ணாடியை மூக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு கையால் விலக்கினார்.

"வேணாம் பாப்பா. இந்தப் பக்கமும் கொஞ்சம் படட்டும். ரெண்டும் சமமாயிடும்."